எட்டுத் துண்டு வட்டமும் ராத்திரிச் சாப்பாடும்

கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்குப் போக மூன்று காரணங்கள் உண்டு. ஜிப்மர் ஆஸ்பத்திரி, பெட்ரோல், அப்புறம் வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாத ஒன்று. எனக்கு அங்கேயே வேலை என்பதால் நான் இந்தக் கணக்கில் வரமாட்டேன். ஆனால் சில சனிக்கிழமைகளில் ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு வராமல், லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக்குப் போய் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று தெரிந்தபோது என் மாமியார் கேட்டார்: "கணக்குக்கு டியூஷன் வச்சாங்க, இங்கிலீஷுக்கு வச்சாங்க, சரி. வாழ்க்கைக்குமா டியூஷன்?"

நியாயமான கேள்வி. ஆபீஸிலும் தெருவிலும் வேறு வேறு விதமாக இதையே கேட்டுவிட்டார்கள். நான் போவது ஹோலிஸ்டிக் லைஃப் கோச்சிங், அதாவது வாழ்க்கை முழுவதையும் சேர்த்துப் பார்க்கிற பயிற்சி. அந்தப் பெயரும் அப்படி. கேட்டதும் கோட்டக்குப்பம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆரோவில் திருப்பம் வரை நிற்கும் போர்டுகள்தான் கண்ணில் வரும். சவுண்ட் ஹீலிங், பிரீத் வொர்க், சக்ரா பேலன்சிங். எதைப் பார்த்தாலும் தாமரைப் பூ, கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தப் போர்டுகளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, பின்னால் சொல்கிறேன். நான் போனது அங்கே இல்லை.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக கோச் என்றால் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வார். எடை குறைக்க ஒருவர், வியாபாரத்துக்கு ஒருவர், இன்டர்வியூவுக்கு ஒருவர். ஹோலிஸ்டிக் கோச் அப்படிப் பிரித்து எடுக்க மாட்டார். தூக்கம், சாப்பாடு, வேலை, கடன், கணவன், பிள்ளை, முட்டிவலி, சாமி நம்பிக்கை எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்து, எது எதை இழுக்கிறது என்று பார்ப்பார். மருந்து எழுத மாட்டார். பரிகாரம் சொல்ல மாட்டார். இதைச் செய் என்று பெரும்பாலும் சொல்லவும் மாட்டார். கேள்வி கேட்பார், பதில் வரும் வரை பேசாமல் இருப்பார். நீங்களே ஒன்றை முடிவு செய்த பிறகு, அதை எந்தக் கிழமை எத்தனை மணிக்குச் செய்வீர்கள் என்று கேட்பார். அடுத்த முறை போனால் அது என்ன ஆயிற்று என்று முதலில் அதைத்தான் விசாரிப்பார். இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான்.

புதுச்சேரியில் இருப்பதால் இதை அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து வந்த சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். இது டென்னிஸ் கோர்ட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் திமோதி கால்வே என்று ஒரு டென்னிஸ் பயிற்சியாளர். மட்டையை இப்படிப் பிடி, தோளை அப்படித் திருப்பு என்று கத்திக்கொண்டே இருந்தால் ஆட்டக்காரர் இறுகிப்போகிறார் என்று கவனித்தவர். அதற்குப் பதிலாக, பந்து தரையில் படும்போது ஒரு வார்த்தையும் மட்டையில் படும்போது ஒரு வார்த்தையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கவனம் பந்துக்குப் போனது, ஆட்டம் தானாகத் தேறியது. 1974-ல் அதைப் புத்தகமாக எழுதினார். 1965-ல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வென்ற ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் இந்த முறையை பிரிட்டன் கம்பெனிகளுக்குள் கொண்டுபோனார். என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, அதில் எதைச் செய்யப் போகிறாய் என்ற நான்கு கேள்விகளை இன்றைக்கும் பல கோச்சுகள் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் மூன்றாமவர், தாமஸ் லியோனார்ட். தொழில் நிதி ஆலோசனை. பணத்தை எங்கே போடலாம் என்று கேட்க வந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. வேலையை விடலாமா, யாரோடு வாழ்வது, மீதி வயசை என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார்கள். அவர் 1992-ல் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார், 1995-ல் இன்டர்நேஷனல் கோச் ஃபெடரேஷன் என்ற அமைப்பையும் உண்டாக்கினார். கணக்குப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஒருவருடைய செலவுச் சீட்டைப் பார்த்தாலே வீட்டில் என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

சரி, லாஸ்பேட்டை மாடிக்கு வருகிறேன். அங்கே இருக்கும் கோச் என்னைவிடப் பல வயது சின்னவர். இருந்தாலும் நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். முதல் சந்திப்பில் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு எட்டுத் துண்டாகக் கோடு கிழித்தார். உடம்பு, வேலை, பணம், கணவன்-மனைவி, பிள்ளை-பெற்றோர், நட்பு, எனக்கென்று நான் செய்வது, மனசும் சாமியும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு மார்க் என்று என்னையே போடச் சொன்னார். இந்த வட்டம் கோச்சிங் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. பால் மேயர் என்ற அமெரிக்கர் 1960களில் புழக்கத்தில் விட்டது என்று சொல்வார்கள். பார்த்தால் ஆரம்பப் பள்ளி செயல்வழிக் கற்றல் தாள் மாதிரிதான் இருக்கும்.

வேலைக்கு 3 போட்டேன். நட்புக்கு 2. பணத்துக்கு 4. உடம்புக்கு யோசிக்காமல் 7 போட்டேன். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, படுத்தால் தூக்கம் வருகிறது, வேறென்ன வேண்டும்? நான் போனதே வேலைக்காகத்தான். மேலாளர் என்னவெல்லாம் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். 11-ம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20-ம் தேதி இன்னொன்று, நடுவில் வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பது என்று மாதம் முழுக்க நெருப்பில் நிற்கிற வேலை. சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "அக்கா, சண்டை வர்ற அன்னிக்கு, எத்தனை மணிக்கு வருது?"

இது என்ன கேள்வி என்றுதான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் காலையில் ஒரு தடவைகூட வந்ததில்லை. மூன்றரை, நாலு. எப்போதும் அந்த நேரம்தான்.

"அன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? முந்தின நாள் ராத்திரி?"

ஒரு வாரம் நேரத்தை மட்டும் குறித்துவரச் சொன்னார். என்ன நினைத்தேன், என்ன உணர்ந்தேன் என்பதெல்லாம் வேண்டாம், நேரம் மட்டும். நான் கணக்குக்காரி, அதில் குறை வைக்க மாட்டேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. ஒரு புதன்கிழமையை அப்படியே தருகிறேன். 4:35 மாநகராட்சித் தண்ணீர், மோட்டார். 5:10 அடுப்பு. 7:35 பஸ். 8:20 அரியாங்குப்பம் பாலம், நிற்கிறோம். 1:30 சாப்பாடு, எலுமிச்சை சாதம், ஆறிப்போனது. 3:40 மேலாளர். 4:00 கேன்டீன், இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. 7:10 வீடு. 7:30 முதல் 9:45 வரை பையனுக்கு டியூஷன். 10:20 ராத்திரிச் சாப்பாடு. 11:15 பாத்திரம். 11:50 படுக்கை.

4:35-க்கும் 11:50-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஐந்து மணி நேரம்கூட இல்லை. பெரியவர்களுக்கு ராத்திரி ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று 2015-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி பரிந்துரை வெளியிட்டது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது என்பதையும் ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். நாலு மணி பஜ்ஜிக்குக் காரணம் என் நாக்கு மட்டும் இல்லை. படுத்த நிமிஷமே கண் சொருகுவதும் நல்ல தூக்கத்துக்கு அத்தாட்சி இல்லையாம், பற்றாக்குறை அவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால், ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார். வாட்ஸ்அப்பில் தினமும் நாலு பேர் அதைச் சொல்கிறார்கள். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல எது நகரும், எது நகராது?" என்றார்.

தண்ணீர் நகராது. பஸ் நகராது. டியூஷன் நகராது, வாத்தியார் கண்டிப்பானவர். ராத்திரிச் சாப்பாடு?

"பத்தே கால்னு யார் வச்சது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பையன் வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். அது எங்கள் வீட்டு வழக்கம். யார் ஆரம்பித்தது? அத்தையாகத்தான் இருக்கும் என்று பட்டது. அவர் எதிரில் இதை எடுப்பதற்கே இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டேன். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் எப்பவும் எட்டு மணிக்கே சாப்பிடறவ. சுகர் மாத்திரை போட்டுட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது? நீ காத்திருக்கியே, உன்னை விட்டுட்டு எப்படிச் சாப்பிடறதுன்னு நானும் காத்திருந்தேன்." பையனைக் கேட்டால், டியூஷனுக்குப் போகும்போதே பசிக்கிறது என்கிறான். என் கணவருக்கு எட்டரைக்கு ஆபீஸ் வேலை முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் டிவிதான். ஆக, நான்கு பேரும் ஒருவருக்காக ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறோம், யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

இப்போது பையன் டியூஷனுக்குப் போகும் முன்பே அவன் சாப்பாடு முடிந்துவிடுகிறது, அவன் வருவதற்குள் எங்களுடையதும். வந்ததும் அவனுக்குப் பால், ஒரு வாழைப்பழம். பத்தரைக்கு விளக்கு அணைகிறது. அத்தையின் காலைச் சுகர் அளவுகூடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அவர்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மோட்டார் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. நாலரை மணிக்கு எழுந்து மோட்டார் போடுவது என் பொறுப்பு என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் ஆகியிருந்தது. கணவரிடம் சொன்னால், "சரி, போடறேன்" என்பார். போட மாட்டார். வேண்டுமென்று இல்லை, அலாரம் அவர் காதில் விழாது. இந்த மாதிரி நல்ல எண்ணம் எல்லாம் ஏன் எண்ணமாகவே நின்றுவிடுகிறது என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் நிறைய ஆய்வு செய்திருக்கிறார். செய்வேன் என்று பொதுவாகச் சொல்வதைவிட, இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று இடம், நேரத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. மேடத்தின் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். எங்கள் வீட்டில் அது இப்படி முடிந்தது: செவ்வாய், வியாழன், சனி அலாரம் வைத்த போன் அவர் தலைமாட்டில் இருக்கும், என் போன் கூடத்தில். அது அடித்தால் எழுந்திருக்க வேண்டியவர் அவர். மற்ற நாள் நான். முதல் வாரம் தொட்டி காலியாகக் கிடந்தது, அத்தை திட்டினார். அவரைத் திட்டினார், என்னை இல்லை. அதற்கப்புறம் காது கேட்க ஆரம்பித்துவிட்டது.

இதையெல்லாம் அந்த மேடமே முதல் நாளில் சொல்லியிருக்கலாமே, எதற்கு இத்தனை சுற்று என்று என் தம்பி கேட்டான். சொல்லியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். "உங்களுக்கு எங்க வீட்டு நிலைமை தெரியாது மேடம்" என்று ஆரம்பித்து, ஏன் முடியாது என்பதற்குப் பத்து காரணம் கொடுத்திருப்பேன். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பேசிப் பேசி, 1983-ல் இதைத்தான் எழுதினார். நீ மாற வேண்டும் என்று அடுத்தவர் தள்ளத் தள்ள, மனிதர் மாறாமல் இருப்பதற்கு வாதாடுகிறார். மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வந்தால்தான் கொஞ்சமாவது அசைகிறார். நம் ஊரில் ஒருவருக்குக் கஷ்டம் என்று தெரிந்தால் ஒன்பது பேர் யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா, மருந்துக் கடைக்காரர், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர். யோசனைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. யோசனை சொல்லாமல் ஒரு மணி நேரம் கேட்கிற ஆள்தான் கிடைக்க மாட்டார். நான் காசு கொடுத்தது அதற்குத்தான்.

வேலை என்ன ஆயிற்று? தூக்கம் சரியானதும் மேலாளர் நல்லவராகிவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணிச் சண்டைகள் குறைந்தன, அதுவரை உண்மை. குறைந்த பிறகுதான் மிச்சமிருந்த நிஜப் பிரச்சினை தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அவர் பார்த்த கணக்குகளும் என் மேஜைக்கு வந்துவிட்டன, அதை யாரும் உத்தரவாகவும் போடவில்லை, நானும் எழுத்தில் கேட்கவில்லை. கத்தினேனே தவிர கேட்கவில்லை. எந்தக் கணக்கு, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், எதை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சப்ளையர் கணக்கு வேறொரு பையனுக்குப் போனது. சம்பளம் ஏறவில்லை. வட்டத்தில் வேலைக்கு இப்போது 5. அதற்கு மேல் ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை, மேடமும் ஏறும் என்று சொல்லவில்லை.

உடம்பு, மனசு, வாழ்க்கை எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிறது என்பதை அமெரிக்காவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் கடலூர் மாவட்டம் இல்லை. வடலூர் எங்கள் மாவட்டம். வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-ல். சத்திய ஞான சபை வந்தது 1872-ல். ஜோதி தரிசனத்துக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அந்த அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது, இன்றைக்கும் சாதி மதம் கேட்காமல் சாப்பாடு போடுகிறார்கள். பசியோடு இருப்பவனிடம் ஞானம் பேசக் கூடாது என்பதை அவர் அந்த வரிசையிலேயே காட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க என்று ஒரு கோச் கேட்கும்போது, அது சின்னக் கேள்வியாகப் படுகிறவர்கள் தைப்பூசத்துக்கு வடலூர் போனால் சபைக்கு மட்டும் போகாமல் தருமச்சாலைக்கும் போய்வரலாம்.

புதுச்சேரியிலும் இதே கதைதான். ஆசிரமம் என்றால் சமாதி, பூ, மௌனம் என்றுதான் வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஸ்ரீ அன்னை 1943 டிசம்பர் 2-ல் அங்கே பள்ளி தொடங்கினார். அந்தத் தேதியில் விளையாட்டு மைதானத்தில் சின்னப் பிள்ளைகளிலிருந்து வயதானவர்கள் வரை வரிசை கட்டி உடற்பயிற்சி செய்து காட்டுவார்கள். ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் எல்லாம் அங்கே படிப்பில் ஒரு பகுதி. அரவிந்தரின் யோகத்தில் வாழ்க்கையை விட்டு ஓடுவதற்கு இடமில்லை, உடம்பையும் சேர்த்துத்தான் எல்லாம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் கோச்சிங் தொழில் செய்கிற சிலர், வாரக் கடைசியில் ஒரு பயிற்சி முடித்துவிட்டு, பேச்சுக்குப் பேச்சு அரவிந்தர் பெயரை எடுக்கிறார்கள். அது வாழ்நாள் சாதனை, இது மாதத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் பேசுவது. இரண்டையும் ஒரே போர்டில் எழுதாமல் இருந்தால் இரண்டுக்கும் மரியாதை.

எங்கள் தெருவில் ஒருவர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட். நான் சொல்லித்தான் கோச்சிடம் போனார், அதனால் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழு, தியானம் செய் என்கிற ரகத்தில் எதையாவது சொல்லியிருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஐந்து மணிக்கு அவர் பாதி நாள் பாய்லர் பக்கத்தில் நிற்பவர். அவருடைய வட்டத்தில் கேள்வி வேறு இடத்தில் விழுந்தது. மகளோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஆறரைக்கு வீட்டுக்கு வருகிறவர் உடனே படுத்துவிடுவார், மகள் எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போய்விடும். இப்போது அந்த வாரங்களில் மட்டும் இட்லி சாப்பிடும் வரை விழித்திருக்கிறார். இதைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறு எதுவும் மாறவில்லை. வாய்க்குள் ஹான்ஸ் வைக்கிற பழக்கத்தை விடுகிறேன் என்று எடுத்த முடிவு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அதற்கப்புறம் அவர் போவதையும் நிறுத்திவிட்டார். செலவு அதிகம் என்றார், அதுவும் உண்மைதான்.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. நான் ஒரு சந்திப்புக்கு 1500 ரூபாய் கொடுத்தேன். மாதச் சம்பளக்காரிக்கு அது சின்னத் தொகை இல்லை. என்னைவிட யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களால் கொடுக்க முடியாத தொகை என்பதுதான் இந்தத் தொழிலைப் பற்றி எனக்கிருக்கும் பெரிய குறை.

இன்னொரு குறை, எல்லாவற்றையும் உன் மனசுக்குள்ளேயே தேடு என்று சொல்லும் பழக்கம். முதலியார்பேட்டையில் என் சித்தப்பா ஏ.எஃப்.டி. துணி மில்லில் இருந்தார். 1898-லிருந்து ஓடிய மில். 'தானே' புயலுக்கப்புறம் தடுமாறி, 2020-ல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அந்த மனிதருக்கு எட்டுத் துண்டில் ஏழு துண்டு ஒரே நாளில் சரிந்தது. அவரிடம் போய் உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கே கோபம் வரும். வேலை போனதற்கு வேலைதான் மருந்து, பாக்கிப் பணம் வராததற்குப் பணம் வருவதுதான் மருந்து. கோச் என்ன செய்யலாம் என்றால், அந்த நிலைமையிலும் மனிதர் கையில் மிச்சமிருக்கும் சின்னச் சின்ன முடிவுகள் எவை என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அவ்வளவுதான் முடியும், அதற்கு மேல் சொல்பவர் விற்க வந்தவர்.

விற்க வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இலவச ஆன்லைன் வகுப்பு என்று கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் அழவைத்து, கடைசிப் பத்து நிமிஷத்தில் 49,999 ரூபாய்ப் பேக்கேஜை இன்றைக்கு மட்டும் பாதி விலை என்று நீட்டியதை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதையாவது மன்னிக்கலாம். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒரு ஹோலிஸ்டிக் கோச், தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டுத் தொண்டைச் சக்கரத்தைச் சரிசெய்யலாம் என்றாராம். நல்ல வேளை, அவள் அப்பா ஜிப்மரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், விடவில்லை. முழு மனிதரையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்கிறவர், அந்த முழுமைக்குள் டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாத்திரையில் கைவைக்கிற கோச்சிடமிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசன்ஸும் தேவையில்லை. மனநல டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்திருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மத்திய அரசின் மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். கோச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லியோனார்ட் ஆரம்பித்த அந்த அமைப்பு மூன்று படிகளில் சான்று தருகிறது. முதல் படிக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்த அனுபவமும் வேண்டும், இரண்டாவதற்கு 125-ம் 500-ம், மூன்றாவதற்கு 200-ம் 2500-ம். எந்தப் படி என்று கேளுங்கள். சான்று இல்லாமலே நல்லவர்கள் இருக்கலாம், ஆனால் கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பார்க்கலாம். எப்போது என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். என் மேடம் முதல் நாளே, கேட்காமலே சொன்னார்: வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றெல்லாம் இருந்தால் அது என் வேலை இல்லை, கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு இருக்கிறது, ராத்திரி நேரம் என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள் என்று. அது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண், இலவசம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. லைஃப் கோச்சைத் தேடி வருபவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் மருத்துவ உதவி தேவைப்படும் அளவு மன அழுத்தம் இருந்ததை ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை.

இது வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்திருக்கிறார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆன்டனி கிரான்ட் என்பவர் இதற்கென்றே ஒரு பிரிவை நடத்தினார். 2014-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வேலை இடங்களில் நடந்த கோச்சிங் பற்றிய 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, செயல்திறன், மன நலம், சமாளிக்கும் திறன், வேலை மேல் இருக்கும் மனப்பான்மை, எடுத்த காரியத்தைத் தொடர்வது எல்லாவற்றிலும் நல்ல பலன் தெரிகிறது என்று எழுதினார்கள். ஆனால் சவுண்ட் ஹீலிங்கும் கிரிஸ்டலும் அந்த ஆய்வுகளில் இல்லை. பேச்சு, கேள்வி, இலக்கு, திரும்ப விசாரிப்பது, இவைதான் இருந்தன. போர்டைப் பார்த்து உள்ளே போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

என் வட்டத்தில் இன்னும் அசையாத துண்டு நட்பு. 2 என்பது 3 ஆகியிருக்கிறது, அதுவும் பண்ருட்டியில் இருக்கும் பள்ளித் தோழி ஒருத்தி பலாப்பழ சீசனில் அவளாகவே போன் செய்ததால். மேடம் அதைப் பற்றிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் ஜி.எஸ்.டி.யைக் காரணம் காட்டுகிறேன், அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார். இப்போதெல்லாம் நான் அடிக்கடி போவதில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும், அதுவும் தேவைப்பட்டால் என்று அவரேதான் சொன்னார். வாடிக்கையாளரை இப்படிக் குறைத்துக்கொள்கிற தொழில் அதிகம் இல்லை.

போன மாதம் என் கணவர், சாதாரணமாகக் கேட்பதுபோல, "அந்த மேடம் நம்பர் இருக்கா?" என்றார். மேடத்திடம் கேட்டேன். மறுத்துவிட்டார். புருஷன், பெண்டாட்டி இருவரிடமும் ஒரே ஆள் பேசினால், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போகாது என்ற நம்பிக்கை இருவருக்குமே போய்விடும் என்றார். முத்தியால்பேட்டையில் இன்னொருவர் பெயரையும் நம்பரையும் கொடுத்தார். அதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன். இதுவரை அவர் போன் செய்யவில்லை. எந்தக் கிழமை எத்தனை மணிக்குச் செய்வீங்க என்று கேட்க வாய் வரைக்கும் வருகிறது. நான் கேட்கக் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறார்.